வியர்வை தெரியாத வெயில்: கிளேர் பள்ளத்தாக்கில் சைக்கிள் பயணம்

பிப்ரவரி மாதம், காலை பதினொன்றரை மணி. தென் ஆஸ்திரேலியாவில் வாட்டர்வேல் என்ற சிற்றூருக்குச் சற்று வடக்கே, பழைய ரயில் பாதையில் நானும் என் மைத்துனரும் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தோம். இரண்டு பக்கமும் திராட்சைக் கொடிகள் வரிசை வரிசையாக ஓடின. வெயில் 35 டிகிரியைத் தாண்டியிருந்தது. "மச்சான், நம்ம ஊரா இருந்தா இந்நேரம் சட்டையப் பிழியலாம். இங்க பாரு, வேர்க்கவே மாட்டேங்குது" என்றார் அவர். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அரை மணி கழித்து பென்வொர்த்தத்தில் ஒரு மர நிழலில் இறங்கினோம். அவருடைய கருப்புச் சட்டையின் முதுகு முழுக்க உப்பு பூத்திருந்தது. தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தவர் கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தார். அன்றைய பயணம் அத்தோடு முடிந்தது.

வியர்வை வராமல் இல்லை. வந்த வேகத்திலேயே காய்ந்துபோய்க்கொண்டிருந்தது. சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ காற்றில் ஈரம் அதிகம். வியர்வை ஆவியாகாமல் உடம்பிலேயே வழியும், நமக்கு எரிச்சலாக இருக்கும், அந்த எரிச்சலே நம்மை நிழலுக்கும் தண்ணீருக்கும் துரத்திவிடும். கிளேர் பள்ளத்தாக்கின் கோடைக் காற்றில் அந்த ஈரம் இல்லை. சைக்கிள் ஓடும்போது எதிர்க்காற்று வேறு சேர்ந்துகொள்ள, தோல் எப்போதும் உலர்ந்தே இருக்கும். உடம்பிலிருந்து மணிக்கு ஒரு லிட்டர் போனாலும் கண்ணுக்குத் தெரியாது. வெயில் நமக்குப் பழக்கம்தானே என்று நினைத்து வரும் தமிழர்கள் இங்கே ஏமாறுவது இதனால்தான். இது நாம் பழகிய வெயில் அல்ல. இந்த அத்தியாயத்தில் வரும் திட்டம் முழுவதும் இந்த ஒன்றை வைத்தே போடப்பட்டது: எத்தனை கிலோமீட்டர், எத்தனை ஒயின் ஆலை என்று எண்ணிப் பயணத்தை வகுக்காதீர்கள். எத்தனை மணிக்குக் கிளம்புகிறோம், எங்கே தண்ணீர் கிடைக்கும் என்பதை வைத்து வகுங்கள்.

இடமும் பாதையும்

அடிலெய்டிலிருந்து வடக்கே காரில் இரண்டு மணி நேரத்துக்குள் கிளேர் வந்துவிடலாம். ரயில் இல்லை. ரயில் இல்லாமல் போனதுதான் சைக்கிள்காரர்களுக்குக் கிடைத்த வரம். 1918இல் கிளேருக்கு வந்த ரயில் பாதை, 1983 பிப்ரவரியில் தென் ஆஸ்திரேலியாவையும் விக்டோரியாவையும் எரித்த 'சாம்பல் புதன்' காட்டுத்தீயில் சேதமடைந்து, அதன் பிறகு மூடப்பட்டது. தண்டவாளம் போன தடத்தில் சரளை பரப்பி இறுக்கி, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் விட்டுவிட்டார்கள். இந்த வட்டாரத்துக்குப் பேர் வாங்கித் தந்த வெள்ளைத் திராட்சையின் பெயரில் அது 'ரீஸ்லிங் டிரெயில்' ஆயிற்று. தெற்கே ஆபர்னில் தொடங்கி லீசிங்ஹாம், வாட்டர்வேல், பென்வொர்த்தம், செவன்ஹில் வழியாகக் கிளேரைத் தொட்டு, அதற்கும் வடக்கே பரீனியா சாலை வரை சுமார் 35 கிலோமீட்டர்.

ரயில் போன வழி என்பதால் கிடைக்கும் பெரிய நன்மை, செங்குத்தான ஏற்றம் கிடையாது. நீராவி எஞ்சின் சுமை இழுத்து ஏற வேண்டுமென்பதற்காக மேட்டை வெட்டியும் பள்ளத்தை மேடாக்கியும் சரிவை மிதமாக்கியிருப்பார்கள். பல வருடம் சைக்கிளைத் தொடாதவர்கள்கூட இதில் ஓட்டலாம். ஆனால் மிதமான ஏற்றம் கண்ணுக்கு ஏற்றமாகவே தெரியாது. சமதரை மாதிரிதானே இருக்கிறது, ஏன் கால் வலிக்கிறது என்று குழம்ப வைக்கும். பாதையின் உச்சி பென்வொர்த்தத்துக்கும் செவன்ஹில்லுக்கும் நடுப்பகுதியில் இருக்கிறது. தெற்கிலிருந்து வந்தாலும் வடக்கிலிருந்து வந்தாலும் ஏறித்தான் ஆக வேண்டும். தெற்குப் பக்கத்து ஏற்றம் நீளமானது.

ஆகவே என் பரிந்துரை இதுதான்: கிளேரில் தங்குங்கள், தெற்கு நோக்கி ஆபர்னுக்கு ஓட்டுங்கள். ஏற்றம் முழுவதும் விடிகாலைக் குளிர்ச்சியில் முடிந்துவிடும். வெயில் ஏறும்போது நீங்கள் ஆபர்ன் பக்கம் இறங்கிக்கொண்டிருப்பீர்கள். இன்னொரு காரணமும் உண்டு. கோடையில் இங்கே கொதிக்கும் காற்று வடக்கேயிருந்து, அதாவது கண்டத்தின் பாலை உட்பகுதியிலிருந்து வரும். தெற்கே போகிறவருக்கு அது முதுகில் கைவைத்துத் தள்ளும். வடக்கே போகிறவருக்கோ அடுப்பைத் திறந்து முகத்தை நீட்டிய மாதிரி இருக்கும். ஆபர்னிலிருந்து சைக்கிளோடு உங்களை ஏற்றி வர வண்டி அனுப்புவார்களா என்று வாடகைக் கடையில் முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் குழுவில் ஒருவர் காரை ஆபர்னில் நிறுத்திவைக்க வேண்டியிருக்கும். மதியம் அதே வழியே திரும்பி ஓட்டிவிடலாம் என்று மட்டும் திட்டம் போடாதீர்கள்.

நேரம் இருப்பவர்களுக்குப் பாதையிலிருந்து பிரிந்து சுற்றிவரும் கிளை வளையங்கள் சில உண்டு. ஆபர்னுக்குத் தெற்கே ரிவர்டன் வரைக்கும் 'ராட்லர் டிரெயில்' என்ற பெயரில் இன்னொரு 19 கிலோமீட்டர் ரயில் தடம் இருக்கிறது. திறந்த வெளி, கோதுமை வயல், நிழல் குறைவு. கோடையில் அதை விட்டுவிடுங்கள்.

எந்த மாதம்

பூமியின் தென்பாதி என்பதால் பருவங்கள் தலைகீழ். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கோடை. கிளேரில் ஜனவரியின் சராசரி உச்ச வெப்பம் 30 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், ஆனால் சராசரியை நம்பிப் பயணம் வைக்க முடியாது. 40ஐத் தாண்டும் நாட்கள் இரண்டு மூன்று சேர்ந்தாற்போல் வரும். பிறகு தென்மேற்கிலிருந்து குளிர்காற்று புகுந்தால் ஒரு மணி நேரத்தில் பத்துப் பதினைந்து டிகிரி இறங்கிவிடும்.

ஒரே மாதம் சொல்லுங்கள் என்றால் ஏப்ரல் என்பேன். பகலில் 20, 25 டிகிரி, மழை அநேகமாக இன்னும் தொடங்கியிருக்காது, கொடி இலைகள் மஞ்சளாகவும் செம்மண் நிறத்திலும் மாறியிருக்கும். அறுவடை முடிந்து ஆலைக்காரர்களுக்கு உங்களிடம் நின்று பேச நேரமும் இருக்கும். மார்ச்சும் நல்ல மாதம்தான். அறுவடை நடப்பதால் காற்றில் நொதிக்கும் திராட்சையின் வாசனை தெரு வரை வரும். மே மாதத்தில் உணவுத் திருவிழா வார இறுதி ஒன்று உண்டு. அந்த நாட்களில் அறை கிடைப்பது கடினம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழையும் குளிரும். இரவில் உறைநிலையைத் தொடும்.

செப்டம்பர், அக்டோபரில் எங்கும் பச்சை, அழகுக்குக் குறைவில்லை. ஆனால் அது மேக்பை பறவை குஞ்சு பொரிக்கும் காலம். கருப்பும் வெள்ளையுமான இந்தப் பறவை தன் கூட்டுக்குப் பக்கத்தில் வரும் சைக்கிள்காரர்களைப் பின்னாலிருந்து பாய்ந்து கொத்தும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பாய்ந்தால் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து கடந்துவிடுங்கள். நடப்பவர்களை அது பெரும்பாலும் விட்டுவிடுகிறது. அதே வசந்த காலத்தில் பழுப்புப் பாம்புகள் வெயில் காயப் பாதைக்கு வரும். கடும் விஷம் உள்ளவை, ஆனால் தூர நின்றால் தானே போய்விடும். பையில் அகலமான எலாஸ்டிக் கட்டுத்துணி இரண்டு வைத்திருங்கள். ஆஸ்திரேலியப் பாம்புக்கடிக்குக் கை அல்லது கால் முழுவதையும் இறுகச் சுற்றி, கடிபட்டவரை அசையவிடாமல் வைத்து, 000க்கு அழைக்க வேண்டும். நம் ஊர் விரியன் கடிக்கு இப்படிக் கட்டக் கூடாது என்று படித்தவர்கள் தயங்கலாம். இங்கே தயங்க வேண்டாம்.

கடிகாரம் ஏமாற்றும்

எங்களை விழவைத்ததில் பாதிப் பங்கு கடிகாரத்துக்கு உண்டு. காலை ஒன்பதுக்குக் கிளம்பினால் உச்சிவெயிலுக்கு முன் முடித்துவிடலாம் என்பது நம் ஊர்க் கணக்கு. இங்கே அந்தக் கணக்கு உதவாது. அக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரை தென் ஆஸ்திரேலியாவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருப்பார்கள். பிப்ரவரியில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தில் ஏறக்குறைய ஒன்றரை மணிக்கு. அதன் பிறகும் தரை சூடேறிக்கொண்டே இருப்பதால் நாளின் உச்ச வெப்பம் மாலை நான்கு, ஐந்து மணிக்குத்தான் வரும். ஜனவரியில் சூரியன் மறைய எட்டரை ஆகிவிடும். சாயங்காலம் ஐந்து மணிக்கு வெயில் தாழ்ந்ததும் போகலாம் என்று அறையில் காத்திருந்தால், சரியாக நாளின் மிகக் கொடிய நேரத்தில் வெளியே வருவீர்கள்.

கோடையில் ஆறு, ஆறரைக்கு முதல் மிதி விழ வேண்டும், பத்தரைக்குள் சைக்கிள் நிழலில் சாய்ந்திருக்க வேண்டும். 38 டிகிரிக்கு மேல் முன்னறிவிப்பு இருந்தால் போகவே வேண்டாம். ஏப்ரலில் இந்தக் கண்டிப்பு தேவையில்லை. எட்டு மணிக்கு நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம்.

சூரியனைப் பற்றி இன்னொன்று. இங்கே அது வடக்குச் சாய்வாகவே வானத்தைக் கடக்கும். தெற்கு நோக்கி ஓட்டும்போது கழுத்தின் பின்புறமும் முழங்காலின் பின் மடிப்பும்தான் வேகும். கழுத்துப் பட்டை உள்ள முழுக்கைச் சட்டை போடுங்கள். ஹெல்மெட் சட்டப்படி கட்டாயம், ஆனால் அது கழுத்தை மறைக்காது. மெல்லிய பருத்தித் துண்டு ஒன்றை நனைத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டால் மறைப்பு, குளிர்ச்சி இரண்டு வேலையும் ஆகும். புற ஊதாக் குறியீடு கோடையில் 11ஐத் தாண்டும். கருத்த தோலுக்கு எதுவும் ஆகாது என்பது தவறான நம்பிக்கை. எஸ்.பி.எஃப். 50 களிம்பை இரண்டு மணிக்கொரு தரம் பூசுங்கள்.

குளிரும் இரவு, கனிந்த பழம்

இவ்வளவு வெயிலில், குளிர்நாட்டுத் திராட்சை என்று பெயரெடுத்த ரீஸ்லிங் எப்படி இங்கே நன்றாக விளைகிறது என்று கேட்கத் தோன்றும். கொடிகள் பெரும்பாலும் 400, 500 மீட்டர் உயரத்தில் நிற்கின்றன. பகல் வெயில் பழத்தில் சர்க்கரையை ஏற்றுகிறது, இரவுக் குளிர் அதன் புளிப்பைக் கரைந்துபோகவிடாமல் காக்கிறது. எலுமிச்சைத் தோலைக் கீறினாற்போல வாசனையும், இனிப்பே இல்லாத பிடிப்பான புளிப்பும் கிளேர் ரீஸ்லிங்குக்கு வந்தது இந்தப் பகல் இரவு இடைவெளியால்தான். அதே இடைவெளி சைக்கிள்காரரின் உடையையும் தீர்மானிக்கிறது. மார்ச் மாதக் காலையில் பல் கிட்டும், பதினொரு மணிக்குத் தோல் சுடும். மேலே காற்று புகாத மெல்லிய ஜாக்கெட் ஒன்று, கழற்றினால் பைக்குள் சுருட்டி வைக்கிற மாதிரி. அதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

தண்ணீர், உப்பு, கட்டுச்சோறு

ஊருக்கு ஊர் தூரம் பத்துக் கிலோமீட்டருக்குள்தான். ஆனால் லீசிங்ஹாம், பென்வொர்த்தம் போன்ற இடங்களில் கடைத்தெரு என்று ஒன்று இருக்கும் என எதிர்பார்க்காதீர்கள். கிளேர், ஆபர்ன் இரண்டும் இவற்றைவிடப் பெரிய ஊர்கள். நடுவில் செவன்ஹில்லிலும் வாட்டர்வேலிலும் ஏதாவது கிடைக்கும், அதுவும் கடை திறந்த பிறகு. விடிகாலையில் கிளம்புகிறவர் தனக்கு வேண்டிய தண்ணீர் முழுவதையும் சுமந்துதான் ஆக வேண்டும். கோடையில் தலைக்கு மூன்று லிட்டர், ஏப்ரலில் ஒன்றரை. தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் கால் மணிக்கொரு தரம் நாலு மடக்கு குடியுங்கள். சிறுநீரின் நிறம் வைக்கோல் போல வெளிறியிருந்தால் சரி. அடர் மஞ்சள் என்றால் நில்லுங்கள்.

வெறும் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தாலும் ஆபத்து. உப்பு போய், தண்ணீர் மட்டும் சேர்ந்தால் தலை சுற்றும், குமட்டும். மைத்துனர் அன்று குடித்தது குறைவு, உப்போ துளியும் இல்லை. ஊரிலிருந்து ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் நாலைந்து எடுத்து வாருங்கள். ஒன்றை ஒரு லிட்டரில் கரைத்து இரண்டாவது பாட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டுக்கு நம் கட்டுச்சோற்றை மிஞ்சிய ஒன்றை நான் இதுவரை காணவில்லை. புளியோதரையில் உப்பு, எண்ணெய், அரிசி, வேர்க்கடலை எல்லாமே இருக்கிறது, மதியம் வரை கெடாது, வெயிலில் உருகாது. சாக்லேட் கட்டிகளை நம்பியவர்கள் பையைக் கழுவ நேரிட்டதைப் பார்த்திருக்கிறேன். புளிக்காய்ச்சலுக்கு வேண்டியதை அடிலெய்டில் உள்ள இந்திய மளிகைக் கடைகளில் வாங்கிவிடலாம். நாட்டுக்குள் வரும்போது உணவுப் பொருள் எது கொண்டுவந்தாலும் விமான நிலையப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். சொந்த சைக்கிளோடு வருகிறவர்கள் டயரிலும் செயினிலும் ஒரு பொட்டு மண்கூட இல்லாமல் கழுவிக் கொண்டுவாருங்கள். சோதனையில் கண்டிப்பாகப் பார்ப்பார்கள். மெல்போர்னிலிருந்து காரில் வருகிறவர்கள் தென் ஆஸ்திரேலிய எல்லைக்குள் பழங்களைக் கொண்டுவர முடியாது. பழ ஈ பரவாமல் தடுக்க அப்படி ஒரு கட்டுப்பாடு.

நெருஞ்சி

வறண்ட நிலத்துச் சைக்கிள்காரருக்கு வெயிலுக்கு அடுத்த பகை முள். எங்கள் இரண்டாம் பயணத்தில் முன்சக்கரம் காற்றிறங்கியபோது டயரைக் கழற்றிப் பார்த்தால், சிறு வயதில் பாதத்திலிருந்து பிடுங்கிப் போட்ட அதே நெருஞ்சி முள். ஒத்த செடி அல்ல, அதே இனம்தான். தமிழ்நாட்டு மேட்டு நிலத்தில் மஞ்சள் பூவோடு தரையில் படரும் நெருஞ்சி, தென் ஆஸ்திரேலியாவிலும் வேரூன்றி, களையாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. மூன்று முனை உள்ள வேறொரு முள்ளும் இங்கே உண்டு. எப்படி விழுந்தாலும் ஒரு முனை மேலே நிற்கும்.

பாதையின் நடுவில் போகும்வரை பெரிய தொல்லை இல்லை. படம் எடுக்க, இளைப்பாற என்று ஓரப் புல்லில் சைக்கிளை இறக்கும்போதுதான் ஏறும். சைக்கிளைத் தூக்கி வையுங்கள், உருட்டாதீர்கள். 35 மில்லிமீட்டருக்குக் குறையாத அகலமுள்ள டயர் சரளைக்கு நல்லது. ட்யூபுக்குள் அடைப்புத் திரவம் ஊற்றித் தர முடியுமா என்று வாடகைக் கடையில் கேளுங்கள். மாற்று ட்யூப் இரண்டு, நெம்புகோல், கைப்பம்பு இவை இல்லாமல் கிளம்ப வேண்டாம். பஞ்சர் ஆனால் ட்யூபை மாற்றுவதற்கு முன் டயரின் உட்புறம் முழுவதையும் ஒரு துணியால் சுற்றித் துடையுங்கள். முள் இருக்கும் இடத்தில் துணி மாட்டும். விரலால் தேடினால் விரல் கிழியும். இந்த ஒரு நிமிடத்தை மிச்சம் பிடிக்கப்போய் புது ட்யூபையும் அதே முள்ளுக்குக் கொடுத்தவர்கள் பலர்.

ஒயின் ஆலைகளில்

சுவைத்துப் பார்க்கும் அறையை இங்கே 'செல்லார் டோர்' என்பார்கள். பெரும்பாலும் காலை பத்து மணிக்குத்தான் திறக்கும். ஆபர்னில் இறங்கிய பிறகு அல்லது மறுநாள் அதற்கென்று தனியாக நேரம் ஒதுக்குங்கள். மிதித்துக்கொண்டே ஒவ்வொரு ஆலையாக நின்று குடித்துப் போவது நன்றாக இருக்கும் என்று தோன்றும். வெயிலில் அது மோசமான யோசனை. மது உடம்பிலிருந்து இன்னும் தண்ணீரை இழுக்கும், வெப்பத்தை உணரும் அறிவையும் மழுங்கடிக்கும்.

கணக்கு எளியது. ஒரு சுவைப்புக்கு 30 மில்லி ஊற்றுகிறார்கள் என்று வையுங்கள். 12 சதவீத ரீஸ்லிங்கில் அது மூன்று கிராமுக்குச் சற்றுக் குறைவான ஆல்கஹால். ஆஸ்திரேலியாவில் 'ஒரு அளவு மது' என்பது 10 கிராம். ஆக மூன்று நாலு சுவைப்பு சேர்ந்தால் ஓர் அளவு ஆகிவிட்டது. ஆலைக்கு ஐந்தாறு வகை ஊற்றுவார்கள். வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்புவதற்குப் பாத்திரம் மேசையிலேயே இருக்கும். துப்புவது அவமரியாதை இல்லை, ஒயின் செய்கிறவர்களே அப்படித்தான் செய்கிறார்கள். கார் ஓட்டுகிறவருக்கு ரத்தத்தில் 0.05 என்பது எல்லை. போதையில் சைக்கிள் ஓட்டுவதும் குற்றமே.

குடிக்காதவர்கள் இந்தப் பள்ளத்தாக்கில் ஒன்றும் இழக்கப் போவதில்லை. செவன்ஹில்லுக்கு அவசியம் போங்கள். ஆஸ்திரியாவிலிருந்து வந்த இயேசு சபைத் துறவிகள் 1851இல் நிறுவிய இடம். பள்ளத்தாக்கின் முதல் ஒயின் ஆலை அதுதான். பூசைக்கான திராட்சை ரசத்தைச் சொந்தமாகச் செய்துகொள்ளவே கொடி நட்டார்கள். கல்லால் கட்டிய தேவாலயமும் அதன் கீழே உள்ள கல்லறை அறையும் சுட்டெரிக்கும் நாளிலும் சில்லென்று இருக்கும். பென்வொர்த்தம் ஊரை உண்டாக்கிய ஜான் ஹாரக்ஸ், ஆஸ்திரேலிய நில ஆய்வுப் பயணத்துக்கு முதன்முதலில் ஒட்டகத்தைக் கொண்டுபோனவர். 1846இல் அந்த ஒட்டகம் அசைந்ததில் அவருடைய துப்பாக்கியே வெடித்துக் காயமடைந்து இறந்தார். அவருக்கெல்லாம் முன்னால் இது ஙஜூரி மக்களின் நிலம். நம் மொழியில் சொல்லுக்கு முதலில் அநேகமாக வராத 'ங' அவர்கள் பெயரின் முதல் எழுத்தாக நிற்பதை நான் ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பேன்.

கொடி வரிசைக்குள் இறங்கிப் படம் எடுக்காதீர்கள். தோட்டக்காரர் கடுமையாகப் பேசினால் அதற்குக் காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களை வேரோடு அழித்த ஃபிலோக்செரா என்ற பூச்சி தென் ஆஸ்திரேலியாவுக்குள் இன்றுவரை நுழையவில்லை. அதற்கென்று 1899இலேயே சட்டம் போட்டார்கள். விக்டோரியாவின் சில பகுதிகளில் அது இருக்கிறது. அங்கே தோட்டத்தில் நடந்த செருப்பின் மண்ணே போதும், இங்கே வந்து சேர. நூறு வருடத்துக்கு மேல் வயதான கொடிகள் இந்த மாநிலத்தில் உயிரோடு இருப்பது இந்தக் கண்டிப்பால்தான்.

வாங்கிய பாட்டிலைச் சைக்கிள் பையில் வைக்க வேண்டாம், வெயிலில் நிற்கும் காரிலும் வேண்டாம். ஒரு மதியச் சூட்டிலேயே ஒயின் சுவை மாறிவிடும். ஆலையில் சொன்னால் எடுத்துவைப்பார்கள், மாலையில் காரில் போய் வாங்கிக்கொள்ளலாம்.

தீ

கோடையில் வருகிறவர் படிக்க வேண்டிய முக்கியமான பகுதி இது. காய்ந்த புல், வறண்ட வடகாற்று, 40 டிகிரி மூன்றும் சேரும் நாளில் ஒரு பொறி போதும். 2015 நவம்பர் 25 அன்று கிளேருக்குத் தெற்கே பைனரி என்ற இடத்தில் பற்றிய தீ 80,000 ஹெக்டேருக்கு மேல் எரித்தது, இரண்டு பேர் இறந்தார்கள். கோடை அப்போது இன்னும் தொடங்கவே இல்லை. புல்வெளித் தீ காற்றோடு ஓடும் வேகத்துக்குச் சைக்கிள் ஈடு கொடுக்காது.

மாநிலத் தீயணைப்புப் படையான சி.எஃப்.எஸ். தினமும் வட்டாரவாரியாகத் தீ அபாய அளவை அறிவிக்கிறது. கிளேர் இருப்பது 'மிட் நார்த்' வட்டாரம். மாடரேட், ஹை, எக்ஸ்ட்ரீம், கேட்டஸ்ட்ரோஃபிக் என்று நாலு படி. எக்ஸ்ட்ரீம் என்றால் அன்று சைக்கிளைத் தொடாதீர்கள். கேட்டஸ்ட்ரோஃபிக் என்றால் முந்தின நாள் இரவே அடிலெய்டுக்குக் கிளம்பிவிடுங்கள். அறைக்குக் கட்டிய பணம் போனாலும் போகட்டும். முழுத் தீத்தடை அறிவித்த நாளில் வெளியில் அடுப்பு மூட்டுவதும் குற்றம். பாதையில் ஓட்டும்போது புகை வாசனை வந்தாலோ, வானம் ஒரு பக்கம் பழுப்பாகத் தெரிந்தாலோ, எவ்வளவு தூரம் என்று நின்று ஆராயாமல் பக்கத்து ஊருக்குப் போங்கள். தேவைப்பட்டால் 000.

முந்தின இரவு

சைக்கிளை மாலையிலேயே வாங்கி அறைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். விடிகாலை ஆறு மணிக்குக் கடை திறக்காது. வெளிச்சம் இருக்கும்போதே கிளேரிலிருந்து செவன்ஹில் வரை ஒருமுறை போய்த் திரும்பினால் இருக்கை உயரம், பிரேக் எல்லாம் பழகிவிடும், பாதை நெடுஞ்சாலையைக் கடக்கும் இடங்களும் தெரிந்துவிடும். அந்தக் கடவைகளில் வாகனத்துக்குத்தான் முன்னுரிமை. நம் ஊர்போல இடதுபக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் குழப்பமில்லை. நெடுஞ்சாலையில் லாரிகள் விரையும், அதில் ஏற வேண்டாம்.

சி.எஃப்.எஸ். அறிவிப்பையும் வானிலைத் துறையின் மணிவாரி முன்னறிவிப்பையும் பாருங்கள். வெப்பத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடாமல் காற்று எந்தத் திசை, ஈரப்பதம் எவ்வளவு என்றும் பாருங்கள். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அன்று வியர்வை தெரியவே தெரியாது. கூடுதலாக ஒரு லிட்டர் எடுங்கள். பாட்டில்களில் பாதி அளவு தண்ணீர் ஊற்றிப் படுக்கைவாட்டில் உறைபெட்டியில் வைத்துவிடுங்கள். காலையில் மீதியை ஊற்றி நிரப்பினால் பத்து மணி வரை குளிர்ந்திருக்கும். புளியோதரையைக் கிளறி ஆறவைத்துக் கட்டிவையுங்கள். அலாரம் ஐந்தேகாலுக்கு. குழுவில் யாராவது ஒருவர் வெளிர் நிறச் சட்டைக்குப் பதிலாகக் கருப்புச் சட்டை எடுத்துவைத்திருந்தால், அதை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள். அவரை முன்னால் ஓட்டவிட்டுப் பின்னால் போங்கள். அந்த முதுகில் உப்பு பூக்கத் தொடங்கும் இடத்தில் எல்லோரும் நின்று தண்ணீர் குடியுங்கள்.